புக்கிட் பிந்தாங்: மாலையில் தொடங்கும் கோலாலம்பூர்

கோலாலம்பூருக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் புக்கிட் பிந்தாங்குக்கு வழக்கமாக ஒதுக்குவது ஒரு மதியம். காலையில் பத்துமலை, அடுத்து இரட்டைக் கோபுரம், சாப்பாட்டுக்குப் பின் வேன்காரர் பெவிலியன் வாசலில் இறக்கிவிட்டு, “ஆறு மணிக்கு இங்கேயே நில்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போவார். ஆறு மணிக்குத்தான் இந்த வட்டாரத்தில் அடுப்பே பற்ற வைக்கிறார்கள். அதற்குள் பார்த்துவிடக்கூடியது குளிரூட்டிய கட்டடங்களை மட்டும்தான். அவை எல்லாப் பெருநகரங்களிலும் இருக்கின்றன.

ஆகவே முதல் யோசனை இதுதான்: மூன்றரை, நாலு மணிக்கு வாருங்கள், நள்ளிரவை ஒட்டித் திரும்புங்கள். வெயிலும் மழையும் இருக்கும் நேரத்துக்குக் கடைத்தொகுதிகள். இருட்டிய பிறகு தெரு. இந்த வரிசையை மாற்றினால் பணமும் வீண், கால்வலியும் மிச்சம்.

தெருக்கள் எப்படி அமைந்திருக்கின்றன

ஜாலான் புக்கிட் பிந்தாங் என்ற நெடுஞ்சாலைதான் முதுகெலும்பு. அதைக் குறுக்கே வெட்டிச் செல்வது ஜாலான் சுல்தான் இஸ்மாயில். அதன் தலைக்கு மேல் மோனோரெயில் ஓடுகிறது. இந்த இரண்டும் சந்திக்கும் நாற்சந்தியை மனத்தில் பதித்துக்கொண்டால் வழி தவறாது. நாற்சந்தியிலிருந்து கிழக்கே நடந்தால் லாட் 10, ஃபாரன்ஹீட் 88, ஸ்டார்ஹில், எதிர்ப்பக்கம் பெவிலியன். விலை அந்தத் திசையில் ஏறிக்கொண்டே போகும். மேற்கே நடந்தால் ஃபெடரல் ஹோட்டல், அதன் பின்னால் லோ யாட் பிளாசா, வரிசையாக மசாஜ் கடைகள், பணமாற்றுக் கடைகள், சின்ன விடுதிகள்.

மேற்குப் பகுதியில் நெடுஞ்சாலைக்கு இணையாக ஒரு தெரு உள்ளே ஓடுகிறது. அதுதான் ஜாலான் அலோர், சாப்பாட்டுத் தெரு. அதற்கும் அப்பால் தெங்காட் தோங் ஷின். இவற்றை எல்லாம் தொட்டுக்கொண்டு மேட்டில் ஏறுவது சங்காட் புக்கிட் பிந்தாங், மதுக்கூடத் தெரு. தெற்கே ஜாலான் இம்பி பக்கம் பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேர். பெவிலியனிலிருந்து ஜாலான் அலோருக்கு நடந்தே பத்து, பதினைந்து நிமிடத்தில் போய்விடலாம். வட்டாரத்துக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகக் கார் எடுக்காதீர்கள். மாலை நெரிசலில் நடப்பவர் முந்திவிடுவார்.

வந்து சேர

இரண்டு ரயில்கள் இருக்கின்றன. 2003 ஆகஸ்ட் 31 அன்று ஓடத் தொடங்கிய மோனோரெயில் பழையது; பெட்டிகள் சிறியவை, மாலையில் நிற்கவும் இடம் கிடைக்காது. 2017 ஜூலையில் திறந்த எம்ஆர்டி நிலையம் நாற்சந்திக்கு அடியிலேயே இருக்கிறது. கே.எல். சென்ட்ரல் பக்கம் தங்கியிருப்பவர்கள் அங்கிருந்து நடைபாதை வழியாக முசியம் நெகாரா நிலையத்துக்குப் போய் எம்ஆர்டி பிடிக்கலாம்: பாசார் செனி, மெர்டேகா, அடுத்தது புக்கிட் பிந்தாங். வெளியேறும் வாசல் எது என்று மேலே ஏறும் முன் பலகையில் பார்த்துவிடுங்கள். மழை பெய்யும்போது தவறான வாசலில் ஏறினால் சாலையைக் கடப்பதற்குள் நனைந்துவிடுவீர்கள்.

டச் அண்ட் கோ அட்டை ஒன்று வாங்கிக்கொண்டால் எம்ஆர்டி, மோனோரெயில், பேருந்து எல்லாவற்றுக்கும் ஆகும். விமான நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு விரைவு ரயில் 28 நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் ஆளுக்கு ஒரு சீட்டு வாங்க வேண்டும். நாலு பேர் குடும்பம் என்றால் கிராப் செயலியில் கார் பிடிப்பதே மலிவு. விடுதி வாசலிலேயே இறங்கலாம். தெருவோரம் நிற்கும் டாக்சிக்காரர் மீட்டர் போடாமல் மொத்தமாக ஒரு தொகை சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

கடைத்தொகுதிகள்: எதற்கு, எதற்கு இல்லை

பெவிலியன் 2007-இல் திறந்தது. அது நிற்கும் மண்ணில் அதற்கு முன் இருந்தது புக்கிட் பிந்தாங் பெண்கள் பள்ளி. 1893-இல் தொடங்கிய பள்ளி அது. 2000-இல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. தலைமுறை தலைமுறையாக மலாய், சீன, இந்தியப் பெண்கள் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்த இடம் இன்று கைப்பை விற்கும் இடமாகிவிட்டது. முன்னாள் மாணவிகளுக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. கட்டடத்தைப் பார்த்து வியக்கும்போது இதையும் தெரிந்துகொண்டு வியப்பது நல்லது.

வாங்குவது என்று பார்த்தால், உலகப் பெருநிறுவனப் பொருட்களுக்காக இங்கே வர வேண்டியதில்லை. சிங்கப்பூரில் போல வெளிநாட்டுப் பயணிக்கு வரி திருப்பித் தரும் ஏற்பாடும் இங்கே இல்லை. 2018-இல் ஜிஎஸ்டியை எடுத்தபோதே அது போய்விட்டது. மலேசிய நிறுவனங்களின் பொருளை வாங்குங்கள். 1885-இலிருந்து ஈயக்கலவைப் பாத்திரங்கள் செய்யும் ராயல் சிலாங்கூருக்குப் பெவிலியனில் கடை உண்டு. விலை அதிகம், ஆனால் கல்யாணப் பரிசாகக் கொடுத்தால் பேரப்பிள்ளைகள் காலம் வரை இருக்கும். வின்சி காலணிகள், போனியா தோல் பைகள் இந்த நாட்டு நிறுவனங்களுடையவை. தள்ளுபடிக் காலத்தில் நல்ல விலைக்குக் கிடைக்கும். கேமரன் மலையின் போ தேயிலையைக் கடைத்தொகுதியின் கீழ்த்தளப் பேரங்காடியில் வாங்குங்கள். பரிசுப் பொருள் கடையில் அதையே அழகான பெட்டியில் போட்டு விலையை ஏற்றியிருப்பார்கள்.

நாற்சந்தியை ஒட்டிய சுங்கை வாங் பிளாசா 1977-இல் வந்தது. அந்தப் பகுதியில் அதற்கு முன் இருந்தது பி.பி. பார்க் என்ற கேளிக்கைப் பூங்கா. ஆடலும் பாடலுமாக ஊரே அங்கே கூடியதாம். இந்த வட்டாரம் இரவுக்குப் பேர் வாங்கியது கடைத்தொகுதிகளால் அல்ல. அந்தப் பூங்காவில்தான் அது தொடங்கியது. சுங்கை வாங்கில் இப்போது கூட்டம் குறைவு. ஆனால் தையற்காரர், முடிதிருத்துவோர், பழைய பொம்மை சேகரிப்போர் என்று சிறு வணிகர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். பேசிப் பார்த்து வாங்குவதற்கு இந்த வட்டாரத்தில் மிச்சமிருக்கும் கூரைகளில் அதுவும் ஒன்று.

குழந்தைகள் இருந்தால் பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேருக்கு ஒரு மதியம் கொடுங்கள். 2003-இல் திறந்த இந்தப் பிரம்மாண்டக் கட்டடத்துக்குள்ளேயே ரோலர் கோஸ்டர் ஓடுகிறது. வெளியே இடி இடித்தாலும் உள்ளே பாதிப்பில்லை. இம்பி மோனோரெயில் நிலையத்திலிருந்து நேரே நுழையலாம்.

மதிய வேளையில் மழை பிடித்துக்கொண்டால் பெவிலியனிலிருந்து கேஎல்சிசி வரை குளிரூட்டிய மேல்நடைபாதை ஒன்று இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. இரட்டைக் கோபுரத்தை முதலில் பார்த்துவிட்டு அந்த வழியாகவே நனையாமல் புக்கிட் பிந்தாங்குக்கு நடந்து வரலாம். இரவில் அடைத்துவிடுவார்கள், திரும்பிப் போக அதை நம்ப வேண்டாம்.

லோ யாட்: கேள்வி கேட்டு வாங்க வேண்டிய இடம்

கைப்பேசி, மடிக்கணினி, கேமரா என்றால் மலேசியாவில் எல்லாரும் சொல்லும் பெயர் லோ யாட் பிளாசா. மாடிக்கு மாடி சின்னச் சின்னக் கடைகள். ஒரே பொருளுக்குக் கடைக்குக் கடை விலை மாறும். நுழைந்தவுடன் கூப்பிடும் கடையில் வாங்காதீர்கள். இரண்டு மாடி சுற்றி மூன்று கடையில் விலை கேட்டு, கைப்பேசியில் குறித்துக்கொண்டு, பிறகு பேசுங்கள்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: “இது மலேசியா செட்டா, ஏபி செட்டா?” மலேசியா செட் என்பது நிறுவனத்தின் அதிகாரபூர்வ முகவர் வழியாக வந்தது. ஏபி செட் வேறு வழியில் இறக்குமதியானது. விலை குறையும், உத்தரவாதம் அந்தக் கடையோடு முடிந்துவிடும். விமானம் ஏறிப் போய்விடுகிற உங்களுக்குக் கடை உத்தரவாதத்தால் பயன் இல்லை. உலக உத்தரவாதம் இருக்கிறதா என்று அந்த இடத்திலேயே வரிசை எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். பெட்டி முத்திரையை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். பெட்டிமேல் உள்ள எண்ணும் கருவிக்குள் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். “மெமரி கார்டு இலவசம், உறை இலவசம்” என்று அடுக்கினால், அதெல்லாம் வேண்டாம், விலையில் கழியுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். பல கடையில் கழிப்பார்கள்.

இங்கே மின்னேற்றிகளுக்கு மூன்று பட்டைக் கால் இருக்கும். ஊர்ப் பிளக் பாயின்ட்டில் நுழையாது. மாற்றுப் பிளக் லோ யாட்டிலேயே சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும்.

அடுப்பு பற்றும் நேரம்

மாலை ஐந்தரைக்கு ஜாலான் அலோருக்குப் போங்கள். இன்னும் கூட்டம் வந்திருக்காது. சிவப்பு விளக்குகள் தெருவுக்குக் குறுக்கே தொங்கும், பிளாஸ்டிக் நாற்காலிகள் நடுத்தெருவரை வந்துவிடும். கரி போட்டு ஊதும் புகைக்குள் கார் ஒன்று மெல்ல நுழைந்து போகும். ஏழரைக்கு மேல் உட்கார இடம் தேட வேண்டியிருக்கும்.

இந்தத் தெருவுக்குப் பழைய பெயர் நல்ல பெயர் இல்லை. ஒரு காலத்தில் விலைமாதர் தெருவாக அறியப்பட்டது. பின்னிரவில் பசித்தவர்களுக்காக வந்த சீன அங்காடிக் கடைகள்தான் அதை இன்றைய சாப்பாட்டுத் தெருவாக்கின. 2010-இல் நகர நிர்வாகம் பெயரை ஜாலான் கெஜோரா என்று மாற்றிப் பலகையும் வைத்தது. வணிகர்களும் ஊர்க்காரர்களும் எதிர்த்துக் குரல் கொடுக்க, பழைய பெயரே திரும்பி வந்தது.

முதலில் ஒரு முறை முழுத் தெருவையும் நடந்து முடியுங்கள், எங்கும் உட்காராமல். பட அட்டையை நீட்டி அழைப்பார்கள், கையைப் பிடிக்காத குறை. புன்னகையோடு நகருங்கள். உள்ளூர்ச் சீனக் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் மேசைகளைக் கவனியுங்கள். அங்கேதான் உட்கார வேண்டும். தெருவின் ஒரு முனையில் வோங் ஆ வா கடையில் கரியில் வாட்டிய கோழி இறக்கை பெயர் பெற்றது. தேன் நிறத்தில், தோல் மொறுமொறுவென்று, உள்ளே சாறு வற்றாமல் வரும். நாலைந்தாகச் சொல்லிப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

என் பரிந்துரை ஈக்கான் பாக்கார் என்ற சுட்ட மீன், அதிலும் திருக்கை. வாழையிலை விரித்த இரும்புத் தட்டில் திருக்கைத் துண்டை வைத்து, மேலே சம்பலை அப்பிச் சுடுவார்கள். இலை கருகும் மணம் முதலில் வரும். திருக்கையில் முள் கிடையாது, வளையும் குருத்தெலும்புதான். கரண்டியால் இழுத்தால் தசை நார் நாராகப் பிரிந்து வரும். கூடவே சின்ன எலுமிச்சையும் புளிப்பான தொட்டுக்கையும் தருவார்கள். சோறு ஒரு தட்டு வாங்கிக்கொண்டால் இரண்டு பேருக்குப் போதும்.

கடலுணவில் ஒரு எச்சரிக்கை. நண்டு, பெரிய இறால், முழுமீன் இவற்றின் விலை அட்டையில் இருக்காது, அல்லது 100 கிராமுக்கு என்று சின்ன எழுத்தில் இருக்கும். சமைக்கும் முன் எடை போட்டு மொத்தம் எத்தனை ரிங்கிட் என்று சொல்லச் சொல்லுங்கள். யாரும் கோபப்பட மாட்டார்கள். மேசைக்குத் தானாக வரும் வேர்க்கடலைத் தட்டும் ஈரக் கைத்துண்டும் சில கடைகளில் கணக்கில் ஏறும். வேண்டாம் என்றால் அப்போதே திருப்பிக் கொடுங்கள். கடைத்தொகுதி உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். பத்து சதவீதமும் ஆறு சதவீதமுமாகச் சேர்ந்து வந்து நிற்கும்.

லாட் 10-இன் அடித்தளத்தில் இருக்கும் ஹுத்தோங் உணவுத் தளமும் இந்த வரிசையில் சேர வேண்டியது. பழைய சீன அங்காடிக் கடைகளை 2009-இல் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள். 1927-இலிருந்து பெட்டாலிங் தெருவில் ஹொக்கியன் மீ வறுத்துவரும் கிம் லியான் கீ கடைக்கும் அங்கே ஒரு கிளை. கறுப்பு சோயாவில் புரட்டிய தடித்த நூடுல்ஸ், கரி நெருப்பின் வாசனை, பன்றிக் கொழுப்புப் பொரியல். அந்தக் கொழுப்பு இல்லாமல் அந்தச் சுவை இல்லை. ஆகவே பன்றி உண்ணாதவர்கள் அதை விட்டுவிடுங்கள், பாதி மாற்றிக் கேட்க வேண்டாம்.

டுரியான் வாங்குவது எப்படி

ஜாலான் அலோரிலும் அதன் சுற்றிலும் டுரியான் கடைகள் இரவு முழுக்க இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பருவம். அப்போது விலை இறங்கும். பழத்தை ஓட்டோடு சேர்த்துத்தான் எடை போடுவார்கள்; கிலோ விலையைக் கேட்டு ஏமாறாமல் முழுப்பழத்தின் தொகையைக் கேளுங்கள்.

மூசாங் கிங் என்ற வகை வேண்டுமானால் பழத்தின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முள் இல்லாத கோடுகள் நடுவில் கூடி நட்சத்திரம் போலத் தெரியும். உள்ளே சுளை மஞ்சள் தூளின் நிறத்தில், இனிப்போடு மெல்லிய கசப்பு கலந்து இருக்கும். டி24 விலை குறைவு, வெளிர் மஞ்சள், வெண்ணெய் மாதிரி. முதல் முறை தின்பவர்களுக்கு அதுவே நல்லது. கடைக்காரர் கத்தியால் வாய் பிளந்து காட்டுவார். விரலால் சுளையைத் தொட்டுப் பார்த்து, நீர்த்துப்போகவில்லை என்று உறுதியான பிறகு தலையாட்டுங்கள். அங்கேயே உட்கார்ந்து தின்றுவிடுங்கள். விடுதிக்குள் கொண்டுபோகக் கூடாது. ரயிலிலும் அனுமதி இல்லை. பல விடுதிகள் அறையில் வாசனை பிடித்தால் அபராதம் போடும்.

சைவர்களுக்கும் ஹலால் பார்ப்பவர்களுக்கும்

ஜாலான் அலோர் சைவர்களுக்குக் கடினமான தெரு. கீரைப் பொரியல் என்று நம்பி வாங்கும் காங்கோங்கில் பெலாச்சான் என்ற இறால் பசை இருக்கும். வெறும் பூண்டு போட்ட கீரையில்கூடச் சிப்பிச் சாறு ஊற்றுவார்கள். “சாயூர் சாஜா” என்றால் காய்கறி மட்டும் என்று சொன்னதாகும், ஆனால் குழம்பில் என்ன இருக்கிறது என்பது அதில் அடங்காது. இறைச்சி, மீன், இறால், பெலாச்சான், சிப்பிச் சாறு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி “தா மாவ்” (வேண்டாம்) என்று சொல்லுங்கள். அப்படியும் வாணலி ஒன்றுதான். அதைப் பொறுக்க முடியாதவர்கள் பழம், இளநீர், தேங்காய் ஐஸ்கிரீம், சோளம் என்று தெருவைச் சுவைத்துவிட்டு இரவுச் சாப்பாட்டை வேறிடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அந்த வேறிடம் மோனோரெயிலில் நாலாவது நிறுத்தத்தில் இருக்கிறது: துன் சம்பந்தன் நிலையம், பிரிக்ஃபீல்ட்ஸ். மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவராக இருந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களைத் திரட்டி 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய வீ.தி. சம்பந்தனின் பெயர் அந்த நிலையத்துக்கு. இறங்கினால் இட்லி, வாழையிலைச் சாப்பாடு, பூக்கடை எல்லாம் கண்ணெதிரில்.

முஸ்லிம் வாசகர்களுக்கு: ஜாலான் அலோர், ஹுத்தோங் இரண்டிலும் பெரும்பாலான கடைகள் ஹலால் அல்ல. ஜாக்கிம் என்ற அரசுத் துறையின் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஜாலான் பெராங்கான் பக்கம் அரபுத் தெரு ஒன்று உருவாகியிருக்கிறது. வளைகுடா நாட்டுக் குடும்பங்கள் அங்கே கோடை விடுமுறையில் நிறைய வருகிறார்கள். மந்தி, கப்சா, யேமனிய ரொட்டி எல்லாம் கிடைக்கும். மற்றபடி எந்த நேரத்திலும் கைகொடுப்பது மாமாக் கடை.

மாமாக் கடைகளை நடத்துபவர்கள் தமிழ் முஸ்லிம்கள். கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து போனவர்களின் வழித்தோன்றல்களும், இன்றும் ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் அங்கே இருப்பார்கள். மலாய்க்காரரும் சீனரும்கூடப் பரிமாறுபவரை “அண்ணே” என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீங்களும் தமிழிலேயே கேட்கலாம். நம்மூர்ப் பரோட்டா போன்ற ரொட்டி சானாய் மதியத்தில் ஆறிக் கிடக்கும்; இரவிலோ காலையிலோ கல்லிலிருந்து நேரே வரும்போது கேளுங்கள். ஆற்றிய பால் தேநீரான தே தாரிக் நமக்குத் திகட்டும் அளவு இனிக்கும். “குராங் மானிஸ்” என்றால் சர்க்கரை குறைப்பார்கள், பால் வேண்டாம் என்றால் “தே ஓ”. கட்டிக்கொண்டு போக “தாபாவ்” என்ற ஒரு சொல் எல்லாக் கடையிலும் செல்லும்.

இருட்டிய பிறகு நடை

எட்டு மணிக்கு மேல் நாற்சந்திக்குத் திரும்புங்கள். பெரிய விளம்பரத் திரைகளின் வெளிச்சத்தில் நடைபாதையில் பாடகர்கள் ஒலிபெருக்கி வைத்துப் பாடிவந்த இடம் அது. மலாய்ப் பாட்டு, இந்திப் பாட்டு, சில நாட்களில் தமிழ்ப் பாட்டும் கேட்டதுண்டு. சுற்றிலும் எல்லா நாட்டுக் கூட்டமும் கைதட்டி நின்றது.  வேடிக்கை பார்க்கும்போது பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். நடக்கும்போது சாலைப்பக்கத் தோளில் மாட்ட வேண்டாம், மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவர்கள் உண்டு.

மதுக்கூடங்கள் சங்காட் புக்கிட் பிந்தாங்கில். அஞ்சடி நடைபாதை வைத்த பழைய கடைவீடுகள் வரிசையாக மதுக்கூடமாகவும் உணவகமாகவும் மாறியிருக்கின்றன. மலேசியாவில் மதுவுக்கு வரி கடுமை; ஒரு கோப்பை பியரின் விலை அதிர்ச்சி தரும். மாலை எட்டு ஒன்பது வரை குறைந்த விலை நேரம் உண்டு, பலகையைப் பார்த்து உட்காருங்கள். 2017 டிசம்பரிலிருந்து 21 வயது நிறையாதவர்களுக்கு மது கிடையாது, வயதுச் சான்று கேட்பார்கள். கோப்பையை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள்.

குடிக்காதவர்களும் போக வேண்டிய ஒரு கதவு அந்தப் பக்கம் உண்டு. மேட்டுக்கு மேலே ஜாலான் மெசுயியில் நோ பிளாக் டை. 1998-இலிருந்து நடக்கும் ஜாஸ் அரங்கு. மரப்பலகை உள்வேலை செய்த சின்னக் கூடம், இசைக்கலைஞர்களுக்கு வெகு அருகில் உட்காரலாம். நுழைவுக்கட்டணம் உண்டு. இசை நடக்கும்போது பேசாமல் இருப்பது அங்கே மரியாதை. மலேசியாவின் நல்ல இசைக்கலைஞர்களைக் கேட்க வேண்டுமென்றால் இந்த வட்டாரத்தில் இதைவிட நல்ல இடம் இல்லை. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

கால் மசாஜ் கடைகள் ஜாலான் புக்கிட் பிந்தாங் நெடுகிலும். நாள் முழுக்க நடந்தவர்களுக்கு அரைமணி நேரம் பிடித்துவிட்டால் பெரிய ஆறுதல். தெருமட்டத்தில், கண்ணாடி வழியே உள்ளே தெரியும் கடையாகத் தேர்ந்தெடுத்து, நிமிடமும் தொகையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பின்னிரவில் மாடிக்கு வா என்று கூப்பிடும் முகவர்களுக்குப் பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள்.

எம்ஆர்டியும் மோனோரெயிலும் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். பதினொன்றே காலுக்கு நிலையத்தில் இருந்தால் பதற்றமில்லை. அதற்குப் பிறகு கிராப்தான். ஜாலான் அலோருக்குள்ளோ சங்காட்டிலோ நின்று அழைக்காதீர்கள், காரால் உள்ளே வர முடியாது. நெடுஞ்சாலைக்கு வந்து ஒரு விடுதி வாசலைக் குறித்து அழையுங்கள்.

எப்போது வரலாம்

ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் மழை பலமாக இருக்கும். பெரும்பாலும் ஏழு மணிக்குள் ஓய்ந்துவிடும். சீனப் புத்தாண்டின் முதல் சில நாட்களில் ஜாலான் அலோரில் பல கடைகள் மூடியிருக்கும், சாப்பாட்டுக்காக வருபவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கவும். நோன்பு மாதத்தில் மாமாக் கடைகள் பகலில் அமைதியாகவும் இரவில் நிரம்பியும் இருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வந்தால் கடைத்தொகுதிகளின் நடுக்கூடத்தில் வண்ணம் ஏற்றிய அரிசியால் போட்ட பெரிய கோலங்களைப் பார்க்கலாம். எல்லா இனத்தவரும் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் ஹாங் துவா நிலையத்தின் பக்கம் நடந்து போங்கள். 1895-இல் கட்டி முடித்து 1996 வரை கைதிகளை அடைத்திருந்த புடு சிறை நின்ற இடம் அது. 2010-இல் இடிக்கத் தொடங்கினார்கள். வாயிலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அதன் பின்னால் 2022-இல் திறந்த லாலாபோர்ட் கடைத்தொகுதி எழுந்து நிற்கிறது.

தங்குவது

இரவு வாழ்க்கை வேண்டுபவர்களுக்குத் தெங்காட் தோங் ஷினில் மலிவு விடுதிகள் நிறைய. ஆனால் வெள்ளி, சனி இரவுகளில் பின்னிரவு வரை பாட்டுச் சத்தம் சுவரைத் தாண்டும். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் வருபவர்கள் ஜாலான் இம்பி பக்கமோ ராஜா சூலான் மோனோரெயில் நிலையத்தை ஒட்டியோ பாருங்கள். பழைமை பிடித்தவர்களுக்கு ஃபெடரல் ஹோட்டல் இருக்கிறது. 1957 ஆகஸ்ட்டில், நாடு சுதந்திரம் பெறுவதற்குச் சில நாட்கள் முன்னால், விருந்தினர்களைத் தங்கவைக்கவென்று திறந்தது அது.

முன்பதிவு செய்யும் முன் ஜன்னல் உள்ள அறையா என்று கேளுங்கள். இந்த வட்டாரத்தின் மலிவு விடுதிகளில் ஜன்னலே இல்லாத அறைகள் அதிகம். வெளிநாட்டவர் ஒவ்வோர் அறைக்கும் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும். இணையத்தில் கட்டிய தொகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, முன்கூடத்தில் ரொக்கமாகவோ அட்டையிலோ கேட்பார்கள். மூன்று இரவு, இரண்டு அறை என்றால் 60 ரிங்கிட்டைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.